ஏறின சொல்

லீ பஜாரில் ஜவ்வரிசி மண்டியில் பில் போடுகிறேன்.
மூட்டைக் கணக்கு, லாரி எண், வாடகை.
ராத்திரி பத்து மணிக்கு மேல்
வேறு கணக்கு எழுதுவேன், கைப்பேசியில்,
பெயர் போட்டு, ஊர் போட்டு:
சித்தேஸ்வரன், குகை, சேலம்.

முதலில் எழுதியது மூடி இல்லாத சாக்கடையைப் பற்றி.
இருபத்தொரு நாள் எழுதினேன்.
படித்தவர் நாலு பேர்.
ஒருவன் என் மச்சான்.
ஒருவன் நானே, இன்னொரு பெயரில்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள்.
இப்போது அம்பலம் அவனவன் சட்டைப்பையில் இருக்கிறது,
ஏறவே வேண்டாம், தொட்டால் போதும் என்று
மண்டியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.
மூட்டை இறக்குகிற மாதையன் மட்டும் கேட்டான்:
"தொட்டா அந்தப் பக்கம் ஆள் இருக்குதா?"

ஐப்பசியில் ஒரு சாயங்காலம்
ஏற்காட்டில் கொட்டிய மழை
திருமணிமுத்தாற்றில் இறங்கி எங்கள் சந்துக்கு வந்தது.
என் வண்டி சாக்கடைக்குள் தலைகுப்புற,
விளக்கு மட்டும் எரிந்துகொண்டு.
பதினோரு நொடி படம் பிடித்தேன்.
விடிவதற்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.
சிரித்தவர்கள்தான் அதிகம், இருக்கட்டும்.
காலையில் மாநகராட்சி வண்டியில் சிமெண்டுப் பலகை வந்தது.
ஒரே ஒரு பலகை.
என் வாசலுக்கு நேராகப் போட்டுவிட்டு
"இப்ப திருப்தியா சார்?" என்றார் இன்ஜினியர்.
நாற்பத்துநாலு வயதில்
அரசாங்கம் என்னைச் சார் என்றது அதுதான் முதல் தடவை.
எழுதிவிட்டேன் அதையும், நன்றி சொல்லி.
பக்கத்து வாசலில் சாக்கடை திறந்தே கிடந்ததை
எழுத மறந்துவிட்டேன்.

அப்புறம் ஆட்கள் வந்தார்கள்.
ரேஷன் எடை, எரியாத விளக்கு, நிற்காத பஸ்.
டீ வாங்கித் தந்து காத்திருந்தார்கள்.
எதை எழுதலாம், எதை விடலாம் என்று
நாற்காலியில் சாய்ந்து யோசிக்கிற ஆள் ஆகிவிட்டேன்.

திராவகப் புகையைப் பற்றி எழுதியது அப்போதுதான்.
கொலுசுப் பட்டறைகள், கண் எரிச்சல், குழந்தைகளின் இருமல்.
யார் பெயரும் போடவில்லை.
பொடி வைத்துத்தான் எழுதினேன்.
பொடி வைத்து ஊதுவதுதான் பொம்மியக்காவுக்குத் தொழில்:
கொலுசு வளையத்தின் வாய் சேருகிற இடத்தில்
கடுகளவு பொடி, குழாயில் ஒரு மூச்சு,
ஒட்டிக்கொள்ளும்.

ஜீப் வந்தது.
ஆற்றோரம் மதில் எழுப்பின பெரிய பட்டறையில்
காகிதமெல்லாம் சரியாக இருந்ததாம், மோர் குடித்தார்கள்.
தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் காகிதம் இல்லை.
பூட்டி அரக்கு வைத்தார்கள்.
அக்காவும் மூன்று பெண்களும்
ஊதுகுழாயைக் கையில் பிடித்தபடி வெளியே நின்றார்கள்.

சொல் ஏறவில்லை.
தண்ணீர் மாதிரி
பள்ளம் பார்த்து இறங்கியது.
அம்பலம் ஏறினது நான்,
அம்பலமானது அவள்.

மறுநாள் வந்தாள். சண்டைக்கு என்றுதான் நினைத்தேன்.
"நீ எழுதினதைப் படிச்சுக் காட்டு சித்தேசு,
எனக்கு எழுத்துக் கூட்ட வராது."
படித்தேன். இருமல் வருகிற இடத்தில்
அவளுக்கும் இருமல் வந்தது.
"நல்லாத்தான் எழுதியிருக்கே.
ஒரு பொய்யும் இல்லை" என்றாள்.
பிறகு, செருப்பைத் தேடிக்கொண்டே,
"இத்தனை பேர் படிக்கிறாங்களே,
யாருக்காவது ஆள் வேணுமான்னு ஒரு வரி போடு."

போட்டேன்.
ஏழு பேர் கைகூப்பும் படம் அனுப்பினார்கள்.

இன்று ராத்திரி மதில் சுவர்க்காரர் பெயரை
இனிஷியலோடு அடித்து வைத்திருக்கிறேன்.
எங்கள் மண்டி முதலாளிக்குச் சம்பந்தி அவர்.
கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே நிற்கிறது.
வடக்கே மலை மேல் மின்னல்.
இங்கே இன்னும் தூறவில்லை.
பலகை இல்லாத பக்கத்து வாசலில்
யாரோ ஒரு கல்லைப் புரட்டி வைக்கிற சத்தம்.